கண்ணாடியும் உலோகமும் கற்கிறவர்களுக்கு: இலக்கு வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எல்லாம் வகுப்பிலும் போனிலும், ஒரு தடவை கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவிலும் என்னிடம் கேட்கப்பட்டவை. நான் பகலில் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன். திருச்சியில் வீட்டு மொட்டைமாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில், ஒன்பது வருடமாகச் செம்புத் தகட்டில் எனாமல் சுடுகிறேன், வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயம் வைத்துப் பற்றுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு நாலு பேருக்குச் சொல்லித் தருவதும் உண்டு. வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்பது "எந்த கில்ன் வாங்கலாம்?" என்றுதான். (கில்ன் என்பது இதையெல்லாம் சுடுகிற மின்சார உலை.) மனதில் இருக்கும் கேள்வி வேறு: இந்த வருடம் என்ன செய்தால் நான் உருப்படுவேன்?

கண்ணாடி, உலோகக் கலைஞர் ஆக ஆசை. இலக்கை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆரம்பித்த வருடம் ஜனவரி முதல் தேதி, புது நோட்டில் நாலு வரி எழுதினேன். ஒரு கண்காட்சியில் இடம்பிடிப்பது, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு விற்பது, இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர், சொந்தமாக ஒரு கில்ன். டிசம்பரில் புரட்டிப் பார்த்தால் கில்ன் மட்டும் வந்திருந்தது, கடனோடு சேர்ந்து. மற்ற மூன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு நான் சோம்பேறி என்பது ஒரு காரணம்தான். ஆனால் அந்த மூன்றையும் முடிவு செய்கிறவர்கள் வேறு ஆட்கள், நான் அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது என் கை செய்யக்கூடியதை மட்டும், எண்ணிப் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். "நாலு சென்டிமீட்டர் செம்பு வட்டத்தில் ஐம்பது தடவை எனாமல் சுடுவது." அவ்வளவுதான். ஐம்பதில் எத்தனை நன்றாக வரும் என்று எழுதுவதில்லை. ஐம்பதாவது முடியும்போது, முதல் வட்டத்தைச் செய்த ஆள் நீங்கள் இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

(எனாமல் என்றதும் கதவுக்கு அடிக்கும் பெயின்ட் என்று நினைக்காதீர்கள். இது மாவாக அரைத்த வண்ணக் கண்ணாடி. அதைச் செம்பின் மேல் தூவி உலையில் உருக்கி ஒட்டவைப்பது. வடக்கே மீனாகாரி என்கிறார்களே, அது இதே குடும்பம்.)

கண்ணாடி, உலோகம் இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முடியுமா? ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போகலாமா?

இரண்டுமே கடல். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்றால் ஆயுள் போதாது. இரண்டையும் முழுசாகச் சேர்த்து என்றாலும் போதாது. என் யோசனை: இரண்டும் சந்திக்கும் இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சந்திப்பு ஒன்றுக்குத் தேவையான கண்ணாடி வேலையும் உலோக வேலையும் மட்டும் இந்த வருடத்துக்குப் போதும்.

சந்திப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கலையில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளச் செம்புத் தகட்டை 500 டிகிரியிலிருந்து ஆறவிட்டால் அது ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளத்துக்கு ஜன்னல் கண்ணாடி சுருங்குவது அதில் பாதிதான். இரண்டையும் சூட்டில் ஒட்டிவிட்டு ஆறவைத்தால் ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், இன்னொன்று வர மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். கடைசியில் உடைவது கண்ணாடிதான். எனாமல் பொடியைச் செம்பின் சுருக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்படி, ஆனால் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும்படி தயாரிக்கிறார்கள். அப்போதுதான் ஆறும்போது செம்பு கண்ணாடியை அமுக்கிப் பிடிக்கும். அமுக்கினால் கண்ணாடி தாங்கும், இழுத்தால் தாங்காது.

நம்மால் வீட்டில் செய்யக்கூடிய சந்திப்புகள் என்று பார்த்தால் நாலு உண்டு. வெட்டிய கண்ணாடியின் ஓரத்தில் செம்பு நாடாவைச் சுற்றி ஈயப்பற்று வைப்பது, டிஃபனி விளக்குகள் செய்த முறை இதுதான். செம்பில் எனாமல் சுடுவது இரண்டாவது. உருக்கி ஆறவைத்த கண்ணாடிக்கு உலோகத்தில் கூடு கட்டியோ கம்பி சுற்றியோ சூடே இல்லாமல் பிடித்து வைப்பது மூன்றாவது. நாலாவது, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் மிக மெல்லிய செம்புத் தாளை வைத்து உருக்குவது. தாள் அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் முரண்டு பிடிக்கத் தெம்பில்லாமல் கண்ணாடி சொன்னபடி கேட்கும். ஒரு வருடத்துக்கு ஒன்று. எது என்று தெரியாவிட்டால் முதலாவதை எடுங்கள், அதற்கு உலை வேண்டாம்.

வருட இலக்கை நோட்டில் எழுதும்போது எவ்வளவு விவரமாக எழுத வேண்டும்?

ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை வைத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். "எனாமலில் தேர்ச்சி பெறுவது" என்று எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை யூடியூப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். "வட்டம் எண் 7, வெள்ளை அடித்தளம், மேலே நீலம், 800 டிகிரி, இரண்டரை நிமிடம்" என்று இருந்தால் எழுந்து போய் செம்பைத் தேய்ப்பீர்கள்.

இலக்கை விட முக்கியம் அந்த நோட்டில் அடுத்து எழுதுகிற பதிவு. தேதி, பொடி எது, எத்தனை பூச்சு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், என்ன ஆனது. என் பதினோராவது வட்டத்தில் எனாமல் ஓரமாகச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. பன்னிரண்டும் அப்படியே. பதிமூன்று மட்டும் நன்றாக இருந்தது. நோட்டைப் புரட்டினால், பதிமூன்றில் மட்டும் தகட்டின் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தால் தகடு ஆறும்போது வளையும், வளைந்தால் மேலே இருப்பது தெறிக்கும், அதனால் இரண்டு பக்கமும் பூச வேண்டும் என்பது புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிற விஷயம். படித்தும் இருந்தேன். நோட்டில் என் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

உலையில் சுடும்போது உண்மையில் என்ன நடக்கிறது? எப்போது எடுப்பது என்று எப்படித் தெரியும்?

இது இலக்குக் கேள்வி இல்லைதான், ஆனால் இதைப் பார்த்தால்தான் ஐம்பது என்ற எண் ஏன் என்று புரியும். செம்பு வட்டத்தை முதலில் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறேன், பித்தளைக் குடம் தேய்ப்பது மாதிரியே. தண்ணீர் ஊற்றினால் திட்டுத் திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். பிரிந்தால் எங்கேயோ விரல் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து, லேசாகப் பசைத் தண்ணீர் தெளித்து, டீ வடிகட்டி மாதிரி ஒரு சின்னச் சல்லடையை விரலால் தட்டித் தட்டி பொடியைத் தூவுவது. கோலமாவு தூவினாற்போல் சீராக விழ வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக.

காய்ந்ததும் நீளமான இடுக்கியில் உலைக்குள். முதலில் பொடி கறுக்கும். அப்புறம் சர்க்கரை தூவினாற்போல் மணி மணியாக இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக மினுங்கும். திடீரென்று ஒரு நொடியில் எல்லாம் இறங்கி, நெய் தடவினாற்போல் சமமாகி, சிவந்த வெளிச்சத்தில் பளபளக்கும். அந்த நொடியில் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் சொரசொரப்பு. பின்னால் எடுத்தால் ஓரம் கருகும், நிறம் பச்சையடிக்கும். வெளியே எடுத்ததும் எல்லா நிறமும் தப்பாகத்தான் தெரியும். சிவப்பு கறுப்பாக இருக்கும். பயப்படாமல் ஆறவிடுங்கள், நிறம் மெல்ல ஊர் திரும்பும். அந்த ஒரு நொடியை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. எனக்கு அது பிடிபட முப்பது வட்டம் ஆனது.

வேலைக்குப் போகிறேன், வீட்டில் குழந்தைகள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இலக்கு வைப்பது?

உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதியை எழுதுங்கள். நான் வாரம் ஐந்து மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். ஞாயிறு நாலு, நடுவில் இரண்டு நாள் அரை அரை மணி. அந்த அரை மணிகளைக் குறைவாக நினைக்காதீர்கள். செம்பு நாடா சுற்றுவது, அரத்தால் ஓரம் ராவுவது, மாதிரி வரைவது எல்லாம் சூடு இல்லாத வேலை. அதை வியாழக்கிழமை முடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நேராக உலைக்குப் போகலாம். உலை சூடேற மட்டும் எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. ஒரே ஒரு துண்டுக்காக ஏற்றினால் மின்சாரக் கட்டணம் வயிற்றைக் கலக்கும், அதனால் ஆறேழு வட்டம் தயாராக இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

குழந்தைகள் தூங்கிய பிறகு செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சூடு வேலை மட்டும் தூக்கக் கண்ணோடு வேண்டாம். என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு இரவு பதினொன்றரை மணிக்கு வந்தது.

கல்லூரியில் சேர்ந்தால்தான் ஆகுமா?

ஆகும் என்றும் இல்லை, ஆகாது என்றும் இல்லை. வயதும் வசதியும் இருந்தால் போங்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது, கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. கண்ணாடிக்கென்றே படிக்க வேண்டுமானால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) பீங்கானும் கண்ணாடியும் சேர்ந்த வடிவமைப்புப் படிப்பு உண்டு. ஆனால் முப்பத்தைந்து வயதில் வீட்டுக் கடனோடு இருக்கிறவருக்கு இதைச் சொல்லி என்ன பயன்?

அவர்களுக்கு நான் சொல்வது, வருடத்துக்கு ஒரு பட்டறையைப் பார்ப்பதை இலக்கில் சேருங்கள். நம்மூரில் உலோகத்துக்குப் பஞ்சமே இல்லை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஆக ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, தஞ்சாவூரில் தகட்டில் உருவம் எழுப்பும் தட்டு வேலை. போனால் கேள்வி கேட்டுத் துளைக்காமல் ஒரு ஓரமாக நின்று பாருங்கள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு பெரியவர் பித்தளையை அரம் போடுவதை அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "தம்பி, அரத்தை இழுக்கும்போது அமுக்காதீங்க, தள்ளும்போது மட்டும் அமுக்குங்க, பல்லு அந்தப் பக்கம்தானே இருக்கு" என்றார். நான் மூன்று வருடமாக இரண்டு பக்கமும் அமுக்கி, அரத்தை மழுங்கடித்துக்கொண்டிருந்தவன். "ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க கையில அரம் எடுக்கவே இல்லையே" என்று சிரித்தார்.

கண்ணாடிக்கு அப்படிப் பக்கத்தில் இடமில்லை என்பதுதான் குறை. விந்தை என்னவென்றால், புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் பழங்காலத்திலேயே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள், உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, அதைத் துண்டு போட்டுச் செய்யும் சின்னச் சின்ன மணிகள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அதே வகை மணியைக் கிட்டத்தட்ட அதே முறையில் செய்தவர்கள் ஆந்திராவில் காளஹஸ்தி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இருக்கிறார்கள். பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஃபிரோசாபாத் போக வேண்டும், அங்கே வளையல் உலைகள் ஊர் முழுக்க.

கருவிகளுக்கு எவ்வளவு செலவாகும்? கில்ன் வாங்குவதை இலக்காக வைக்கலாமா?

முதல் வருடம் வைக்காதீர்கள். நான் வைத்துக் கெட்டவன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். பொருள் வாங்குவது இலக்கு மாதிரியே வேஷம் போடும். பணம் கொடுத்ததும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருக்கும், நாலு மாதம் அதன் மேல் துணி காயும்.

ஈயப்பற்று வேலைக்கு எண்ணெய் ஊற்றும் கண்ணாடி கட்டர், உடைக்க ஒரு குறடு, 80 முதல் 100 வாட் சால்டரிங் அயர்ன், பிளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காக முதலில் தடவுவது), 60/40 பற்றுக்கம்பி, செம்பு நாடா. ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் உதவாது, நீளமான கோட்டில் இழுக்கும்போது சூடு போதாமல் ஈயம் கட்டி கட்டியாக நிற்கும். கண்ணாடிக்கு ஊர்க் கண்ணாடிக் கடையில் கழிவுத் துண்டு கேளுங்கள், முதல் நூறு வெட்டுக்கு அது போதும். வண்ணத்துக்கு நான் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடிகளைத் தேடுவேன். அந்தப் பச்சை இப்போது கடையில் கிடைப்பதில்லை. டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதை வெட்டவே முடியாது, கோடு போட்டு அழுத்தினால் மொத்தமும் கற்கண்டுத் தூளாகிவிடும்.

வெட்டுவதற்கும் ஒரு இலக்கு வையுங்கள்: இருநூறு நேர்க்கோடு, நூறு வளைவு. கட்டர் சரியாக ஓடினால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராக "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கும். கரகரவென்றால் அழுத்தம் அதிகம், சத்தமே இல்லையென்றால் கோடு விழவில்லை. போட்ட கோட்டின் மேல் மறுபடி ஓட்டக் கூடாது, கட்டரின் சக்கரம் போய்விடும்.

எனாமலைச் சோதித்துப் பார்க்க உலை இல்லாமலும் முடியும். சின்ன வட்டத்தைக் கம்பி வலை மேல் வைத்து, கீழேயிருந்து கேஸ் டார்ச் காட்டினால் உருகும். மேலேயிருந்து காட்டினால் நிறம் கெடும்.

பாதுகாப்பையும் இலக்கில் எழுத வேண்டுமா?

அதுதான் முதல் வரி. மற்றதெல்லாம் பிடித்தால் செய்யுங்கள், இதைப் பிடிக்காவிட்டாலும் செய்யுங்கள்.

60/40 கம்பியில் நாற்பது பங்கு ஈயம். அயர்ன் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை, மூக்கை எரிப்பது பிளக்ஸ் புகை. ஈயம் உடம்புக்குள் போகிற வழி பெரும்பாலும் விரல்தான். அதே கையால் முறுக்கு சாப்பிட்டால் போச்சு. பட்டறையில் டீ வேண்டாம், வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம், அதைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ஈயம் இல்லாத கம்பிக்கு மாறிவிடுங்கள், அல்லது அந்த மாதங்களில் காகிதத்தில் வரைந்துகொண்டிருங்கள். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது என் நோட்டில் நிரந்தரமாக இருக்கும் வரி. ஈயம் வைத்த எதிலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, வாங்குகிறவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடியை உலர்வாக ராவாதீர்கள், தண்ணீர் சொட்டவிட்டு ராவுங்கள். எனாமல் பொடி தூவும்போது என்95 மாஸ்க். பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். சமையல் கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் மேலே ஜன்னல் இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள், கீழே கதவு திறந்திருக்க வேண்டும்.

செய்வதெல்லாம் உடைகிறது. இலக்கைக் குறைத்துக்கொள்ளவா?

எதனால் உடைகிறது என்று பார்த்துவிட்டுக் குறையுங்கள். உருக்கிய கண்ணாடி இரண்டு மூன்று நாள் கழித்து, யாரும் தொடாமலேயே அலமாரியில் "டிங்" என்று பிளந்தால் அது பெரும்பாலும் ஆறவைத்த விதத்தில் கோளாறு, இல்லையென்றால் ஒத்துப்போகாத இரண்டு கண்ணாடியைச் சேர்த்திருக்கிறீர்கள். விற்பனைக்கு வரும் கண்ணாடிகளில் 90, 96, 104 என்று எண் இருக்கும், சூட்டில் எவ்வளவு விரியும் என்பதன் அளவு அது, ஒரே எண்ணோடு மட்டும் சேருங்கள். பாட்டில் கண்ணாடியென்றால் அதே பாட்டிலின் துண்டுகளோடு மட்டும். எனக்கு நடந்தது இன்னும் கேவலம். முதல் பெரிய தட்டை உருக்கிவிட்டு, பார்க்கும் ஆசையில் உலை 300 டிகிரியில் இருக்கும்போதே மூடியைத் தூக்கினேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். என் மனைவி கீழேயிருந்து "திறந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு பழைய கதை. 1962 மார்ச்சில் அமெரிக்காவில் டொலிடோ கலை அருங்காட்சியகத்தின் தோட்டக் கொட்டகையில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்ட ஆசிரியர் ஒரு பயிற்சி நடத்தினார். தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு கலைஞன் தனியாகச் சின்ன உலையில் கண்ணாடி ஊத முடியுமா என்பதுதான் கேள்வி. முதல் உருக்கலிலேயே உருக்கும் பானை உடைந்துபோனது. கண்ணாடி ஆராய்ச்சியாளரான டொமினிக் லபினோ என்பவர் உலை அமைப்பை மாற்றச் சொல்லி, கண்ணாடியிழை செய்யப் பயன்படும் கோலிக்குண்டுகளை உருக்கக் கொடுத்தார். அது உருகியது. இன்று உலகம் முழுக்க ஸ்டுடியோ கண்ணாடி என்று சொல்கிற இயக்கம் அந்த வாரத்தில் தொடங்கியது. அவர்கள் கேள்வி "முடியுமா?" என்று இருந்ததால், உடைந்த பானையும் பதிலில் ஒரு பகுதியாகிவிட்டது. "அழகான குவளை பத்து செய்வது" என்று இலக்கு வைத்திருந்தால் முதல் நாளே வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

விற்பனைக்கு எப்போது இலக்கு வைக்கலாம்?

ஒரே பொருளைப் பத்து தடவை செய்து, பத்தில் எட்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தால், அப்போது. அதற்கு முன்னால் விற்றால் ஆர்டர் வரும், வந்தால் திரும்பச் செய்ய வராது. எனக்கு ஒரு கடை இருபது காதணி ஜோடி கேட்டது. பதினாலு ஜோடி கொடுத்தேன், பணம் ஆறு ஜோடிக்குத்தான் வந்தது, அதுவும் எட்டு மாதம் கழித்து. தப்பு பாதி என்னுடையது, எழுதி வாங்கவில்லை.

விற்பது கலைக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஞாபகப்படுத்துங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஓவியர்களையும் சிற்பிகளையும் சேர்த்து ஒரு கிராமத்தை உருவாக்கியபோது, அவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் சோற்றுக்கு வழி செய்தார்கள், மீதி நேரம் தங்கள் ஓவியம், சிற்பம். உலோகத் தகட்டை அடித்துச் சிற்பம் செய்த பி.வி. ஜானகிராமும், செம்பு, பித்தளையில் வேலை செய்த எஸ். நந்தகோபாலும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். நீங்கள் எந்த வருடம் செய்தாலும் இரண்டு கணக்கை நோட்டில் தனித்தனியாக வையுங்கள், சோற்றுக்குச் செய்தது எத்தனை, எனக்காகச் செய்தது எத்தனை என்று. இரண்டாவது எண் பூஜ்யமாக மூன்று மாதம் இருந்தால் எங்கேயோ தப்பு.

சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பதற்கும் ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருடத்துக்கு ஐந்து. அத்தை கோபித்துக்கொண்டாள், பரவாயில்லை.

எனக்கு ஐம்பது வயது. கண்ணும் கையும் முன்னே மாதிரி இல்லை. தொடங்கலாமா?

தொடங்குங்கள், எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று, நல்ல விளக்கு ஒன்று. குழலால் கண்ணாடி ஊதும் வேலை உடம்பை வாட்டும், எனாமல் உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி 1976-இல் இங்கிலாந்தில் கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார், 1979-இல் தோள்பட்டையும் போனது, அதற்கு அப்புறம் குழலைக் குழுவிடம் கொடுத்துவிட்டு வரைந்து காட்டி வேலை வாங்கினார். அவரளவு குழு நமக்குக் கிடையாது. ஆனால் தகட்டை வெட்டித் தர ஒரு பட்டறைப் பையனுக்குக் காசு கொடுத்தால் அது ஏமாற்று வேலை ஆகாது.

அரசு உதவி ஏதாவது உண்டா?

உண்டு. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் 'பெஹ்சான்' என்ற கைவினைஞர் அடையாள அட்டை தருகிறது. தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீத மானியமாக அதிகபட்சம் 50,000 ரூபாயும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். கூடவே நீங்கள் செய்த பொருள் இரண்டைக் கையில் எடுத்துப் போங்கள், வாயால் விளக்குவதை விட வேகமாக வேலை நடக்கும்.

இலக்கை எட்டாத வருடம் என்ன செய்வீர்கள்?

மீதியை அடுத்த வருடத்தில் ஏற்ற மாட்டேன். கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வருடம் ஐம்பதுக்கு ஒன்பதுதான் செய்தேன். நோட்டில் ஒன்பது என்று எழுதி, கீழே கோடு போட்டு, அடுத்த பக்கத்தை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். இலக்கை நடுவில் மாற்றலாமா என்றும் கேட்பார்கள். பத்து செய்த பிறகு மாற்றலாம். மூன்றோடு மாற்றினால் அது அலுப்பு.

சரி, உங்கள் இந்த வருட இலக்கு என்ன?

குழிந்த செம்புக் கிண்ணம், பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம், உள்ளேயும் வெளியேயும் எனாமல், முப்பது எண்ணிக்கை. தகட்டைச் சுத்தியலால் அடித்து, இறுகினதும் சூடு காட்டி இளக்கி, மறுபடி அடித்து, கிண்ணத்துக்கு நாலு தடவை இப்படி. தட்டையான வட்டத்தில் நன்றாக உட்கார்ந்த பொடி, சரிவில் கீழே வழுக்குகிறது. பசைத் தண்ணீரைக் கூட்டினால் கொப்புளம் வருகிறது. இதுவரை பதினேழு செய்திருக்கிறேன், அதில் பதினாலின் விளிம்பு கறுப்பு. பதினைந்தாவதிலிருந்து விளிம்பை மட்டும் கடைசியாக, கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தூவுகிறேன். பதினாறு பரவாயில்லை. பதினேழு இப்போது மேஜை மேல் இருக்கிறது, மகள் அதில் தன் ஹேர்பின்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.